அடிப்பதற்கு முன் ஒரு படம்

வீட்டுக்குள் ஒரு பூச்சி வந்துவிட்டால் நமது கை முதலில் எதைத் தேடுகிறது? பெரும்பாலான வீடுகளில் தும்புத்தடியை. அது கிட்ட இல்லாவிட்டால் செருப்பை. சற்று வசதியான வீடு என்றால் நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே டின்னை. வந்தது என்ன, எங்கிருந்து வந்தது, அதனால் தீங்கா நன்மையா என்று கேட்பதற்குள் அது நிலத்தில் நசிந்து கிடக்கும். "உம்மா, அது என்ன பூச்சி?" என்று பிள்ளை கேட்டால், "என்னவோ ஒரு பூச்சி" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

இந்த மாதம் சொல்ல வந்த விடயம் மிகச் சிறியது. தும்புத்தடியை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். இன்று கமரா உள்ள கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு அபூர்வம். கல்யாண வீட்டில் சஹனில் கை வைக்குமுன் படம், பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் படம், புதிதாகத் தைத்த உடுப்புக்குப் படம். அத்தனை படங்களுக்குள் ஓர் எறும்பின் படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போனால் வரும் கரடியனாற்றை மனதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வயல், சேனை, குளம், மாட்டுப் பட்டி, இடையிடையே காடு என்று கிடக்கும் பக்கம் அது. உன்னிச்சைக் குளமும் உறுகாமம் குளமும் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் அயலில் உள்ளவைதான். மாரி பிறந்துவிட்டால் இரவில் ஒரு பல்ப் எரிந்தால் போதும், ஊரில் உள்ள சிறு ஜீவன்கள் எல்லாம் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஏறாவூர் போன்ற நெருக்கமான ஊர்களிலிருந்து வயலுக்கும் பாடசாலைக்கும் அங்கே போய் வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூச்சியைப் படம் பிடிக்க வெளிநாட்டுக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. அங்கே ஒரு வளவும் ஒரு கிணற்றடியும் ஒரு மாமரமும் இருந்தால் பல வருடத்துக்குப் போதும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற விலங்கியல் அறிஞர் 1972ல் தொடங்கி 30 வருடங்கள் தமது வீட்டுத் தோட்டத்தில் உள்ளவற்றை மட்டும் எண்ணினார். சாதாரணமான ஒரு வீட்டுத் தோட்டம். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் அவரை முடக்கிக்கொண்டு வந்த காலத்திலும் எண்ணிக்கையை விடவில்லை. கிடைத்த கணக்கு 2,673 வகை. அதில் 1,997 வகை பூச்சிகள். 2020ல் கொரோனா முடக்கத்தின்போது அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரே வீட்டில் தங்கியிருந்த மூன்று நண்பர்கள், வீட்டையும் அதன் வளவையும் மட்டும் ஒரு வருடம் தேடி 1,150 வகைக்கு மேல் பதிவு செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்காதா? வெப்ப நாட்டில், வயலோரத்தில் இருக்கும் நமது வளவு அவர்களுடையதை விட ஏழையாக இருக்க நியாயமில்லை.

சரி, படம் எடுப்பது எப்படி?

முன்பு இது காசுள்ளவர் வேலை. பிலிம் ரோல் ஒன்றில் 36 படம். கழுவி எடுத்துப் பார்த்தால் அதில் முக்கால்வாசி மங்கல். லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பொருத்துவது, லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் வளையக் குழாய் வைப்பது என்று ஸ்டூடியோக்காரரே கை வைக்கத் தயங்கும் வித்தைகள் வேண்டியிருந்தன. இப்போது நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழித்தாலும் ஒரு சதமும் செலவில்லை. போனின் கண்ணில் கொளுவிவிடும் சிறிய உருப்பெருக்கி லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் தும்பி, வண்ணத்துப்பூச்சி, பெரிய சிலந்தி எல்லாம் அகப்படும்.

மிகக் கிட்டப் போனால் படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். கண் தெளிந்தால் வால் மங்கும், வால் தெளிந்தால் கண் மங்கும். ஆகவே திரையில் பூச்சியின் கண் இருக்கும் இடத்தை விரலால் தொட்டு அங்கே தெளிவை நிறுத்துங்கள். சூமை இழுக்க வேண்டாம். இழுத்தால் படம் மணல் மணலாக உடையும். சற்று விலகி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது மேல். முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது நிற்கும். மேலிருந்து எடுப்பதை விட அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுப்பது சிறந்தது. வெயில் கடுமையாக இருந்தால் வெள்ளைத் துணி ஒன்றை இடையில் பிடித்து வெளிச்சத்தை மென்மையாக்கலாம். இரவில் டோர்ச்சின் வாயில் ஒரு வெள்ளைத் தாளைக் கட்டினால் போதும்.

எல்லாவற்றையும் விட நேரம் முக்கியம். பெரும்பாலான பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்பில் சொந்தச் சூடு இல்லை. வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை அவை விறைத்துப்போய் இருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வளவுக்குள் இறங்கினால் வேலிக் கம்பியில் பனி பூத்த தும்பி ஒன்று அசையாமல் இருக்கும். கையைத் தூக்கினாலே பறக்கும் அதே தும்பிதான். காற்றும் அந்த நேரம் அடங்கியிருக்கும்.

உருவப்படம் பற்றிய கேள்வி சிலரது மனதில் எழும் என்பது தெரியும். கமராப் படம் குறித்து உலமாக்களிடையே நீண்ட காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, கமரா செய்வது புதிதாக ஒன்றை உருவாக்குவதல்ல, ஏற்கெனவே உள்ளதன் நிழலைப் பிடித்து வைப்பதுதான் என்று வாதிட்டு அனுமதித்தார். கூடாது என்போரும் இருந்தார்கள், இருக்கிறார்கள். தாம் மதிக்கும் ஆலிமிடம் கேட்டு நடப்பது அவரவர் பொறுப்பு. அல்குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகிய மூன்றின் பெயராலும் ஸூராக்கள் இருக்கின்றன. 9ம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், உயிரினங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் ஈயையும் எறும்பையும் கூட விடவில்லை. சிறியது என்பதற்காகப் பார்க்காமல் விடுவது நமது பழைய அறிஞர்களின் வழக்கமாக இருந்ததில்லை.

இனி மாமரத்தடிக்கு வருவோம்.

இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டும் செம்முசுறைத் தெரியாதவர் கிழக்கில் இல்லை. மாங்காய் ஆயப் போய்க் கடி வாங்காத பிள்ளையும் இல்லை. அந்தக் கூட்டை ஒரு தடவை படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டும் நேரத்தில் அகப்பட்டால் ஓர் அதிசயம் தெரியும். இலையின் இரண்டு ஓரங்களையும் ஒரு கூட்டம் இழுத்துப் பிடித்திருக்க, வேறு சில முசுறுகள் தமது சொந்தக் குஞ்சுப் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் தொட்டுத் தொட்டு ஓடும். அந்தப் புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு நூல்தான் இலையை ஒட்டும் பசை. வளர்ந்த முசுறுக்கு நூல் வராது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்குப் பூசுவது போன்ற வேலை இது.

அந்தக் கூட்டத்தைப் பத்துப் படம் எடுத்தால் ஒரு படத்தில் ஒரு முசுறு மட்டும் சற்று வித்தியாசமாக நிற்கக்கூடும். நிறம் அதே நிறம். இடை அதே ஒட்டிய இடை. ஆனால் கால்களை எண்ணுங்கள். எறும்புக்கு ஆறு கால், இதற்கு எட்டு. முன் காலிரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நிற்கும் சிலந்தி அது! முகத்தைப் பெரிதாக்கினால் எறும்புக்கு இல்லாத பெரிய உருண்டைக் கண்கள் இரண்டு முன்னால் தெரியும். ஆண் சிலந்திக்குத் தாடைகள் நீண்டு, ஒரு முசுறு இன்னொரு முசுறைச் சுமந்து போவது போலத் தோற்றம் கொடுக்கும். முசுறைத் தின்ன ஆசைப்படும் பறவைகள் அதிகம் இல்லை. அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டால் தானும் தப்பலாம் என்பதுதான் கணக்கு. முசுறுக்கும் அது கிட்டப் போவதில்லை, விலகியே நடக்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள சிலந்திதான். ஆனால் வெறுங்கண்ணால் பார்த்து "முசுறு" என்று சொல்லிவிட்டுப் போனவர்களே அதிகம். நிறுத்தி வைத்துக் கால் எண்ணுவதற்குப் படம் வேண்டியிருக்கிறது.

வீட்டுச் சுவருக்கு வாருங்கள். பூசணி விதை அளவில், சீமெந்துத் துணுக்குப் போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று தொங்கும். ஒட்டடை என்று தட்டிவிடுவோம். அதை அப்படியே விட்டுக் கால்மணி நேரம் பொறுத்து, கிட்ட வைத்துப் படம் எடுங்கள். ஒரு முனையிலிருந்து சிறிய தலையும் மூன்று சோடிக் கால்களும் வெளியே வந்து, கூட்டையே இழுத்துக்கொண்டு நடக்கும். கொஞ்ச நேரத்தில் மறு முனையாலும் தலை நீட்டும், இரண்டு பக்கமும் வாசல். ஒரு சிறு அந்தின் புழு அது. பழைய சிலந்தி வலை, உதிர்ந்த மயிர், செத்த பூச்சி, கம்பளித் துணி ஆகியவை அதன் சாப்பாடு. அது அதிகமாக இருந்தால் வீட்டு மூலைகளில் ஒட்டடை அதிகம் என்று அர்த்தம். கோபம் வருவதானால் ஒட்டடையின் மேல் வரட்டும்.

யன்னல் சட்டத்திலும் கிதாபுகளின் முதுகிலும் மண்ணால் வீடு கட்டும் குளவியைப் பற்றி ஒரு கதை நமது பக்கங்களில் பழையது. குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைக் கொண்டு வந்து அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஒரு குளவியாக்கிவிடுகிறது என்பார்கள். பாடம் சொல்லும்போது உதாரணத்துக்கும் இதை எடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுவல்ல. வீடு துப்புரவு செய்யும்போது அப்படிப்பட்ட மண்கூடு உடைந்து விழுந்தால் எறிந்துவிடாமல் உள்ளே படம் எடுங்கள். பல கூடுகளில் இருப்பது புழுவல்ல, சிலந்திகள். ஒரே அறையில் பல சிலந்திகள். அவை செத்தவை அல்ல, கொட்டினால் மரத்துப்போய்க் கிடப்பவை. அவற்றில் ஒன்றின் மேல் வெள்ளையாக ஒரு முட்டை ஒட்டியிருக்கும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளை ஒவ்வொன்றாகத் தின்று வளர்ந்து, கூடு பின்னி, குளவியாக வெளியே வருகிறது. அதாவது உள்ளே போனது வேறு, வெளியே வருவது வேறு. பிரெஞ்சுக்காரரான ஃபாப்ர், 1915ல் மறைந்தவர், குளவிகளின் இந்த வேலையை வருடக் கணக்கில் தமது கண்ணாலேயே பார்த்து எழுதினார். உடைந்த கூட்டை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு வாயைத் துணியால் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் இதை நிரூபித்துவிடும்.

வயலில்தான் இந்த வேலையின் உண்மையான கனம் தெரியும். வேளாண்மைக்காரனுக்குப் பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் அது காசு நட்டம். அறக்கொட்டியான் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் வட்டை முழுவதும் மருந்து அடிக்கும் சத்தம் கேட்கும். அறக்கொட்டியான் பயிரின் அடித் தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு கபில நிறத் தத்தி. அதே அடித் தண்டில் அதைத் தின்பதற்காகவே ஓடித் திரியும் சிலந்தியும் உண்டு. மேலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் "பூச்சி"தான். "என்ன சேர், சிலந்தியயும் படம் புடிக்கிறீங்க, அதுவும் பயிரத் தின்னுற சாமான்தானே?" என்று வயல்காரர் ஒருவர் கேட்டார். சிலந்தி எந்தப் பயிரையும் தின்பதில்லை. ஆனால் அவர் கேட்டதில் பிழையில்லை. இதுவரை யாரும் அவருக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவில்லை.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. அரசாங்கமே மலிவு விலையில் பூச்சிமருந்து கொடுத்து அடிக்கச் சொன்ன காலம் அது. அடிக்க அடிக்கச் சிலந்தியும் மற்ற நண்பர்களும் செத்து, அறக்கொட்டியான் மட்டும் முன்னையை விடப் பெருகியது. 1986ல் ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும்  57 மருந்துகளை ஒரே கட்டளையில் தடை செய்தார். 1989 முதல் விவசாயிகளுக்கு வயலிலேயே பாடசாலை நடத்தினார்கள். அங்கே செய்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? படம் வரைவது. வாரம் ஒரு தடவை வயலில் இறங்கி, பெரிய தாளில் நடுவில் நெற்பயிரை வரைந்து, ஒரு பக்கம் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் மறு பக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகளையும் கண்டபடி வரைந்தார்கள். இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற முடிவு. எழுத வாசிக்கத் தெரியாதவரும் அந்தத் தாளை வாசித்தார். அவர்கள் கிரேயோனால் செய்ததை நாம் போனால் செய்யலாம்.

சோளனுக்கு வந்த சேனா படைப்புழுவின் கதையும் இப்படித்தான். அமெரிக்கக் கண்டத்துப் புழு, ஆபிரிக்கா, இந்தியா என்று கடந்து 2018ல் இலங்கைக்குள் வந்தது. குருத்துக்குள் இருந்துகொண்டு தின்னும். சோளனில் வேறு புழுக்களும் இருப்பதால் எது எது என்று குழப்பம். கிட்ட எடுத்த இரண்டு படம் குழப்பத்தைத் தீர்க்கும். தலையின் முன்பக்கத்தில் ஆங்கில ‘வை’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற வெளிறிய கோடு, வால் பக்கத்துக்கு முந்திய துண்டில் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள். இரண்டும் இருந்தால் அதுதான். அப்படிப்பட்ட படத்துடன் கரடியனாற்று விவசாயப் பயிற்சி நிலையத்துக்கோ உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ போனால் பேச்சு உடனே காரியத்துக்கு வந்துவிடும். "பச்சையா ஒரு புழு" என்று வாயால் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இரவு விளக்குக்கு வரும் ஒரு வண்டைப் பற்றி உம்மாமார் அவசியம் தெரிந்து வைக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு, எறும்பு போல ஒடுக்கம், உடம்பு செம்மஞ்சளும் கறுப்புமாக மாறி மாறி இருக்கும். நெல் வயல் உள்ள ஊர்களில் சாதாரணம். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் கழுத்திலோ கன்னத்திலோ உட்கார்ந்ததை நாம் நசித்துத் தேய்த்தால் அதன் உடல் நீர் பட்டு, ஒரு நாளில் நெருப்புச் சுட்டது போலக் கோடாகக் கொப்பளிக்கும். சிலந்தி நக்கியது, அக்கி என்று சொல்லி வேறு வைத்தியம் நடக்கும். ஊதித் தள்ளிவிடுங்கள். தேய்பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சுவரில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்தால் டாக்டரிடம் காட்டலாம். வயலில் இதே வண்டு அறக்கொட்டியானைத் தின்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நுளம்புக்கு அப்படி நல்ல வார்த்தை சொல்ல என்னிடம் இல்லை. 2017ல் மட்டும் இந்த நாட்டில் டெங்கு என்று பதிவானவர்கள் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல். ஆனாலும் அதையும் பார்க்கத் தெரிய வேண்டும். டெங்கு நுளம்புக்குக் காலில் வெள்ளை வளையங்கள். முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் ஒரு வகை, நடுவில் நேராக ஒற்றைக் கோடு என்றால் மற்ற வகை. இரண்டும் டெங்குவைப் பரப்பும். மலேரியா நுளம்பு உட்காரும்போது தலையைத் தாழ்த்தி வாலை உயர்த்தி, ஊசி குத்தியது போலச் சாய்ந்து நிற்கும். 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில், இந்தியாவில் நகர மலேரியாவைப் பரப்பும் வேறொரு நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் வகை. கிணற்றுத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் அள்ளிப் பாருங்கள். புழு நீர் மட்டத்தில் கிடையாகப் படுத்திருந்தால் அது மலேரியா நுளம்பின் சாதி. தலைகீழாகத் தொங்கினால் மற்றச் சாதிகள். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுவது நல்ல பிரஜையின் வேலை. படம் எடுத்தாயிற்று என்று தண்ணீரை அப்படியே வைத்துவிடாதீர்கள்!

பூச்சியைப் படமாக்குவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக லண்டனில் வெளிவந்த, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பற்றிய பெரிய நூலுக்குப் பெயர் போட்டுக்கொண்டவர் ஃபிரெடெரிக் மூர். அதில் உள்ள வண்ணப் படங்களை உயிருள்ளவற்றைப் பார்த்து வரைந்தவர்கள் பேராதனைப் பூங்காவின் ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸின் மகன்மாரான வில்லியமும் ஜோர்ஜும். பூங்காவின் அதிகாரி த்வைட்ஸ் அந்த வேலையை மேற்பார்த்தார். புழு, கூடு, அது தின்னும் செடி எல்லாம் சேர்த்து வரைந்தார்கள். நமது காலத்தில் மைக்கல் வன் டர் பூர்ட்டனும் நான்சி வன் டர் பூர்ட்டனும் அதே வேலையைக் கமராவால் செய்து, புழுவை வளர்த்து ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, 2016ல் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்கள். தீவில் உள்ளவை 250 வகை அளவில்.

ஆனால் 1983 முதல் 2009 வரையான யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வலையோடும் கமராவோடும் காட்டுக்குள் போய் வர ஆராய்ச்சியாளருக்கு வழி இருக்கவில்லை. மற்ற மாவட்டங்களுக்குக் குவிந்த பதிவுகள் நமக்குக் குவியவில்லை. யுத்தம் முடிந்த 2009லேயே மாங்குளத்தில் ஊர்மக்கள் ஒரு பெரிய சிலந்தியை அடித்துக் கொன்றுவிட்டு, நல்ல வேளையாக அதை எறியாமல் ரனில் நாணயக்கார என்ற ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தார்கள். கால்களோடு சேர்த்து 20 சென்ரிமீற்றர் அளவு. பார்த்தால் அதுவரை உலகில் யாரும் விபரித்திராத இனம். தேடுதலுக்குத் துணை நின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரைச் சேர்த்து 2012ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அவ்வளவு பெரியதே 2009 வரை பெயரில்லாமல் இருந்தது என்றால், கரடியனாற்றுப் பக்கத்து வளவுகளில் அரிசி அளவில் உள்ளவற்றில் எத்தனைக்கு இன்னும் பெயரில்லையோ!

அதனால்தான் படத்தோடு நாலு வரி எழுதி வைக்கச் சொல்கிறேன். திகதி, ஊர், எந்தச் செடியில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி. வண்ணத்துப்பூச்சி என்றால் சிறகின் மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று. மேல்பக்கம் ஒரே மாதிரி இருக்கும் பல, கீழ்பக்கத்தில்தான் பிரியும். போனே பெயர் சொல்லும் வசதிகள் இப்போது வந்திருக்கின்றன. உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். சிலந்தியை எறும்பு என்று அவையும் சொல்லும், நம்பிவிடக் கூடாது. படத்தை வெளியாருக்கு அனுப்பும்போது வீட்டுப் பெண்களோ அயலவர் வளவோ பின்னணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகான படம் வேண்டும் என்று பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விறைக்க வைப்பவர்களும், பசை தடவி ஒட்டுபவர்களும், கூட்டைப் பிய்த்து உள்ளே எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எறும்பையும் தேனீயையும் கொல்ல வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். தன்னைக் கடித்த ஓர் எறும்புக்காகப் புற்றையே எரித்த முன்னைய நபி ஒருவர் அதற்காகக் கண்டிக்கப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. ஒரு படத்துக்காகக் கூட்டைப் பிய்ப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? கல்லைப் புரட்டினால் திரும்ப அதே மாதிரி வையுங்கள். மட்டத்தேளுக்கும் தேளுக்கும் கிட்டப் போகாமல் சற்று விலகி நின்றே எடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, தேசி மரம் நல்ல இடம். இளம் இலையில் ஒற்றை ஒற்றையாக ஊசி முனை அளவு முட்டை இருக்கும். அதிலிருந்து வரும் புழு சின்னதில் காக்கை எச்சம் போலவே இருக்கும், பறவை தின்னாது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஈர்க்கிலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவராகப் பிரிந்த செம்மஞ்சள் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். அந்தக் கொம்பு உள்ளே போவதற்குள் படம் எடுப்பவர் கெட்டிக்காரர். தினமும் ஒரு படம் என்று எடுத்தால் ஒரு மாதத்துக்குள் சிறகு விரிப்பது வரை வந்துவிடும். மரம் சிறியதென்றால் ஒன்றிரண்டு புழுவை விட்டுவிட்டு மற்றதை வேறு தேசிக்கு மாற்றலாம்.

ஐப்பசி மழையின் முதல் பாட்டம் பெய்து மண் நனைந்த மறுநாள் காலையில் மணல் தரையைப் பாருங்கள். சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டியெடுத்தது போலத் தம்பலப்பூச்சி ஊரும். சில நாட்கள்தான், பிறகு அடுத்த வருடம். பூச்சி என்று பெயர் இருந்தாலும் படத்தைப் பெரிதாக்கிக் காலை எண்ணிப் பாருங்கள், எத்தனை என்று பிள்ளைகள் சொல்லட்டும்.